கல்மரம் பார்க்க மட்டும்

ஏலாக்குறிச்சி, 3 ஜனவரி 1945

என் தம்பி தேவசகாயம் எனக்குச் செய்தது அநியாயம். போன வருஷம் நான் விஷக்காய்ச்சலில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மகள் விண்ணரசிக்குக் கல்யாண ஓலை வாசிக்க வைத்தான். தடை உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் கேட்டார்களாம். தடை சொல்ல வேண்டியவன் கட்டிலில். தபசுகாலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாதே என்பது அவன் சமாதானம். கிடையாவிட்டால் என்ன? தாயில்லாத பெண், தகப்பன் எழுந்து வரும்வரை பொறுக்கக் கூடாதா?

மாப்பிள்ளை லூர்துராஜ் வாத்தியார். அவர்மேல் குறை இல்லை. என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான்.

7 ஜனவரி

தம்பி மனைவி மரிய புஷ்பம் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிடம் பேசுவதுபோல எனக்குச் சொன்னாள். விண்ணரசிக்கு ஏழாம் மாசம். சித்தப்பன் போய்க் கூப்பிட்டும் வரவில்லையாம். தலைப்பிரசவத்துக்குத் தகப்பன் வந்து அழைத்தால்தான் வருவாளாம்.

எனக்கென்ன?

10 ஜனவரி

மாப்பிள்ளை வேலை பார்க்கும் சாத்தனூரில் ஓடைக்குள் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறதாம். சர்க்கார் ஆட்களே வந்து பார்த்தார்களாம். கோடி கோடி வருஷத்துக்கு முந்தியது, அப்போது அங்கே கடல் என்கிறார்கள். பெரம்பலூர்ச் சீமையில் கடலா? நான் பள்ளிக்கூடம் போகாதவன். எழுத்தும் கணக்கும் நானாகக் கற்றவை. கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

போய்ப் பார்க்க வேண்டும். மரத்தை மட்டும்.

11 ஜனவரி

ஓடையில் மழைத் தண்ணீர் வடிந்திருக்குமா? யாரைக் கேட்பது? கேட்டால் எதற்கு என்பார்கள். எதற்கு?

19 ஜனவரி

எள்ளுருண்டை கட்டிக்கொண்டிருந்தேன். மரிய புஷ்பம் வேலியைத் தாண்டி வந்து மூட்டையைப் பிடுங்கினாள். "மரத்துக்கு எள்ளு ஆகாது மாமா. அதிரசம் தரேன், எடுத்துட்டுப் போங்க" என்றாள். கிண்டல். அதிரசத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

20 ஜனவரி, பெரம்பலூர் சத்திரம்

பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளும்போதுதான் புரிந்தது: எள் சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கமாட்டார்கள். அவள் அம்மா இருந்திருந்தால் எனக்கு இந்தக் குழப்பம் ஏது.

21 ஜனவரி, சாத்தனூர்

நேரே ஓடைக்குப் போனேன். மாப்பிள்ளை அங்கே நின்றார். தம்பி வேலை, சொல்லி அனுப்பியிருக்கிறான்.

மரம் படுத்துக் கிடக்கிறது. ஒருவன் கைக்கு அடங்காது. கணு இருக்கிறது, ரேகை இருக்கிறது, தட்டினால் கல். மரமா கல்லா என்றேன். "ரெண்டுந்தான் மாமா" என்கிறார். அதெப்படி ரெண்டும்? வெயில் ஏறும்வரை வாதாடினோம். அவரும் விடவில்லை.

அப்புறம் கரையில் அவள். இடுப்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்தாள்.

"எங்க வாசலை மிதிக்க மாட்டீங்களாமே. அதான் நான் வந்தேன். மரத்தைப் பாத்தாச்சுல்ல, கெளம்புங்க."

"நான் ஒன்னையக் கூப்புட வரல."

"நானும் வரேன்னு சொல்லல."

மரத்தின்மேல் உட்கார்ந்தாள். அதிரசத்தை நீட்டினேன். தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். மாப்பிள்ளை எதையோ பார்ப்பதுபோலத் தள்ளிப் போய்விட்டார்.

"எந்த வண்டியில?" என்றாள் திடீரென்று.

நான் கூப்பிட்டேனா? கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. வில்வண்டி கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

24 ஜனவரி, ஏலாக்குறிச்சி

கடல் விஷயம் இன்னும் விளங்கவில்லை. அது இருக்கட்டும். ஆக வேண்டியவை:

மரிய புஷ்பம் கிழக்கு அறையை மெழுகி வைக்க வேண்டும். மருத்துவச்சி ரெங்கம்மாளுக்கும் அவளே சொல்லிவிட வேண்டும்.

வண்டிக்குள் வைக்கோல் கனமாகப் பரப்புவது, அதன்மேல் ஜமுக்காளம் — தேவசகாயம். அவன் மாடுகள்தான் குலுக்காமல் நடக்கும், ஆகவே அவனே ஓட்ட வேண்டும். வழியில் என்னோடு பேச வேண்டியதில்லை. அரியலூரில் ராத்தங்கல், அதையும் அவனே பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் லீவு கேட்க வேண்டும்.

நான், அவர்கள் வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முறையாக அழைக்க வேண்டும்.