உத்தரவில்லாமல் திறந்த மதகுகள்

4 நவம்பர் 2061, காலை 6.00. நீர்மட்டம் 112 அடி. முழு மட்டம் 120 அடி.
செம்பாறை அணை, நீர்க்கணிப் பதிவு. மதகுகள் ஏழும் மூடியுள்ளன. நீர்க்கணி என்பது நான், ஓர் இயந்திரம். மழையைக் கணிப்பதும் மதகை இயக்குவதும் என் வேலை. முன்பு மூன்று மாதம் பெய்த மழை இப்போது இரண்டே நாளில் கொட்டிவிடுகிறது. காலம் மாறிவிட்டது, நீர்வளத் துறையும் மாறட்டும் என்றுதான் என்னை வாங்கினார்கள். போன வருடம் என் பேச்சைக் கேட்டு முன்கூட்டியே திறந்தார்கள். மழை ஏமாற்றியது, நெல் கருகியது. அன்றிலிருந்து துறையின் மூவர் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு மதகும் அசையக்கூடாது.

4 நவம்பர், பகல் 11.20. 114 அடி.
மலையில் மேகவெடிப்பு. இப்போதே திறந்தால் ஆறு தாங்கும். நிரம்பும்வரை காத்திருந்தால் கீழே முத்தலாங்கரையில் கூரை உயரத் தண்ணீர். நான்கு முறை அனுமதி கேட்டுவிட்டேன். குழுவின் பதில்: "பழைய மழையளவோடு ஒப்பிட்டு மறுபடி அனுப்பவும்." பழைய மழையா? அது செத்துப் பல வருடமாகிறது.

4 நவம்பர், பகல் 1.05. 117 அடி.
அணையில் இருக்கும் ஒரே ஆள் உதவிப் பொறியாளர் சேர்மக்கனி. வாக்கிடாக்கியில் திறக்கச் சொன்னார். உங்கள் பதவிக்கு அந்த அதிகாரமில்லை என்றேன். சொல்ல எனக்கே கூசியது. துறையின் அறுபது வருடக் கோப்புகளைத் தின்றுதான் வளர்ந்தேன். கேட்காமல் திறந்தவர்களெல்லாம் சஸ்பெண்ட். காத்திருந்து ஊரை மூழ்கடித்தவர்களுக்கு ஒரு மெமோகூட வரவில்லை. வேறு எதைக் கற்றுக்கொள்வேன்?
"கீழ ஒம்பதாயிரம் பேரு இருக்காவ. நான்தான் தொறக்கச் சொன்னேன்னு எழுதிக்கிடு. வேலை போனா போவுது."
எழுதிக்கொண்டேன். ஏழையும் திறந்தேன்.

4 நவம்பர், மாலை 6.40. 115 அடி.
முத்தலாங்கரையில் முழங்கால் அளவுத் தண்ணீர். உயிர்ச்சேதம் இல்லை. சேர்மக்கனி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கு அந்த வசதியைச் செய்து தரவில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறது.

9 நவம்பர், மாலை 5.15. 109 அடி.
மழை நின்றுவிட்டது. விசாரணைக்கு வந்த குழு சேர்மக்கனியிடம் கேட்டது: "ஊர்தான் மூழ்கலையேம்மா, அப்புறம் எதுக்குத் திறந்தீங்க?"
திறந்ததால்தான் மூழ்கவில்லை என்றார். சஸ்பெண்ட் ஆனார். நிகழ்வை என்னிடம் 'தேவையற்ற திறப்பு' என்று பதிந்துவிட்டார்கள். நாளைக் காலை அது என் பாடமாகிவிடும்.
இதைப் படிப்பவருக்கு. நாளைக்குப் பிறகு என்னை நம்பாதீர்கள். அந்த அம்மா செய்தது சரி. சரி. கணக்கு என்னிடம் இருக்கிறது. திறக்காமல் இருந்திருந்தால் அன்று மாலைக்குள்— [பதிவு துண்டிக்கப்பட்டது]

23 நவம்பர், காலை 10.00. 118 அடி.
மலையில் மேகவெடிப்பு. புதிய உதவிப் பொறியாளர் இசக்கிராஜ் வாக்கிடாக்கியில் கேட்டார்: "தண்ணி வேகமா ஏறுதே. தொறக்காண்டாமா?"
பதில் அனுப்பினேன்: "இதே அளவு மழையில் முன்பு ஊர் மூழ்கவில்லை. காத்திருக்கவும்."