கலியபெருமாளின் இடதுபக்கம்

4.2.79, ஞாயிறு

பனி. ஏரிக்கரை வரைக்கும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணிக்கெல்லாம் கலியபெருமாள் வாசலில் பெல் அடித்துவிட்டான். வள்ளி அடுப்பு பற்றவைக்கவில்லை. காப்பி இல்லாமலே கிளம்பினேன்.

தங்கை செல்வியை அவனுக்குக் கட்டிக்கொடுத்த வருஷம் பிடித்த பழக்கம் இது. இருபது வருஷம் ஆகிறது. ஞாயிறு காலையில் பாகூரிலிருந்து குருவிநத்தம், சோரியாங்குப்பம், பெண்ணையாற்றங்கரை ரோடு, பிறகு வீடு. மேடு பள்ளம் கிடையாது. பஸ், லாரி கிடையாது. வாரத்தில் ஆறு நாள் பாண்டி பஸ் ஓட்டுகிறவன். "ஹாரனே இல்லாத ரோடு மச்சான். காதைக் கழுவினா மாதிரி இருக்குது" என்பான்.

இன்று சோரியாங்குப்பம் தாண்டி, இடது ஓரத்தில் ஒரு கரும்பு வண்டி. மாடு அவிழ்த்து, சும்மா நின்றது. பனி அதற்குள் கலைந்து நல்ல வெளிச்சம். பேசிக்கொண்டே வந்தவன் தோள் வண்டியில் மோதி விழுந்தான். முழங்கை தேய்ந்தது. சைக்கிளுக்கு ஒன்றுமில்லை.

"வண்டி எங்கேருந்து வந்துச்சி?"

"வரல. நின்னுகினு இருந்துச்சி."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

வாங்க: சைக்கிள் எண்ணெய், வள்ளிக்கு இருமல் மாத்திரை, நீல மை.


7.2.79, புதன்

வெயில். பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வருவதாகச் சொல்லி வரவில்லை. ஆறாம் வகுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுதான் மிச்சம். வள்ளிக்கு இருமல் தேவலை.

கரும்பு வண்டி மனசை விட்டுப் போகவில்லை. இந்தத் தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் நின்றவர் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தார். கலியபெருமாள் வாங்கவில்லை. ஏதோ யோசனை என்று நினைத்தேன். பொங்கலன்று வாசலில் கோலத்துக்கு நடுவே வைத்திருந்த பூசணிப்பூவை மிதித்தான். அன்று செல்வி திட்டவில்லை. திட்டாததுதான் இப்போது உறுத்துகிறது.


11.2.79, ஞாயிறு

பனி குறைவு. ரோட்டில் உளுந்துச் செடி காயப்போட்டிருந்தார்கள். ஒரு ஆள் இல்லை. கொக்குகள் மட்டும்.

இன்று செய்தது நல்ல காரியமா தெரியவில்லை. அவனுக்கு இடதுபக்கம், ஒட்டினாற்போல் ஓட்டிப் போனேன். ஹாண்டில்பாரிலிருந்து வலது கையை எடுத்து, அவன் காதுக்கு நேரே ஆட்டினேன். பேசிக்கொண்டே வந்தான். பெரிய பெண் கௌரிக்குத் திருபுவனையிலிருந்து ஒரு வரன், பையன் கூட்டுறவு வங்கியில், ஒரே பிள்ளை. நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவன் சைக்கிள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று.

ஆற்றில் இறங்கி மணலில் உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். முதலில் கோபப்பட்டான். பிறகு மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டே சொன்னான்.

"ஜட்கா குதிரைக்கு கண்ணுப்பட்டை கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. நேரா நல்லா தெரியுது. பக்கம்தான் இல்ல."

"எத்தினி நாளா?"

"ஆடி மாசம் ஆஸ்பத்திரிக்கு போனன். வேற பேரு குடுத்து சீட்டு வாங்குனன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போன பார்வ போனதுதானாம். இருக்கறத காப்பாத்திக்க சொட்டு மருந்து. வண்டி ஓட்டாதன்னாரு."

"ஓட்டறியே."

"ஓட்டறன்."

ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக வாய்க்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"செல்விக்கு தெரிய வேணாம். கௌரி கல்யாணம் முடியட்டும். டிரைவர் வூட்டு பொண்ணுன்னுதான் வந்து கேக்கறாங்க. குருடன் வூட்டு பொண்ணுன்னு யாரு வருவான்?"

வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தேன்.


12.2.79, திங்கள்

தற்செயல் விடுப்பு. தலைவலி என்று எழுதிக்கொடுத்தேன். எட்டு மணி பஸ்ஸில் ஏறி முன்சீட்டில், இடது ஓரம், எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கலியபெருமாள் திரும்பிப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

கன்னியக்கோயில் திருப்பத்தில் இடதுபுறம் ஒரு சைக்கிள். "லெப்டுல சைக்கிள்" என்று மெல்லச் சொன்னேன். பஸ் ஒதுங்கியது. கிருமாம்பாக்கத்தில் மாடு. தவளக்குப்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சொல்லிக்கொண்டே வந்தேன். வாய் உலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னாங்க வாத்தியாரே, டிரைவிங் கத்துக்கிறீங்களா?" என்றாள்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போதுதான் கவனித்தேன். கண்டக்டர் முனுசாமி படியில் தொங்கிக்கொண்டு, "லெப்டுல ஆளு, லெப்டுல வண்டி, வா வா, ரைட்டு" என்று கத்திக்கொண்டே வருகிறான். எல்லாக் கண்டக்டரும் கத்துவதுதான். ஆனால் இவன் எதையும் விடவில்லை. ஒரு நாயைக்கூட.

பாண்டியில் இறங்கி அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"தெரியுமா உனக்கு?"

விசிலைச் சட்டையில் துடைத்தான். "இன்னா தெரியுமா? நீங்க இன்னா கேக்கறீங்கன்னே தெரியல" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது, "பன்னெண்டு வருசமா ஒரே வண்டியில இருக்கோம் சார்" என்றான்.

பஸ்ஸில் இன்று ஏறியவர்களை எண்ணினேன். ஐம்பத்தெட்டோடு விட்டுவிட்டேன்.


13.2.79, செவ்வாய்

இன்றும் விடுப்பு. இன்றும் முன்சீட்டு. இனி விடுப்பு எடுக்க முடியாது. தலைமையாசிரியர் ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார்.


15.2.79, வியாழன்

பள்ளி. கணக்கு வகுப்பில் பெருக்கலைத் தப்பாகப் போட்டேன். ஒரு பெண் எழுந்து திருத்தினாள். எட்டு மணி பஸ் இப்போது எங்கே போகும் என்பதே நினைப்பு.

சாயந்திரம் செல்வி வீட்டுக்குப் போனேன். கலியபெருமாள் இன்னும் வண்டி விட்டு வரவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று சுற்றி வளைத்தேன். நிமிராமலே சொன்னாள்.

"எனக்கு தெரியும்ண்ணா."

"எப்பலேருந்து?"

"தீவாளிக்கி முன்ன. தட்டுல ஓரத்துல வச்ச பொரியல சாப்பிட மாட்டாரு. புடிக்கலன்னு நெனச்சன். அப்புறம் ஒரு நாளு கையால தட்ட தடவுனாரு. அன்னைலேருந்து எல்லாத்தயும் நடுவுல வச்சிடறன்."

"அவன்கிட்ட கேக்கலயா?"

"அவரா சொல்லட்டும். சொல்ற வரைக்கும் எனக்கு தெரியாதுண்ணா. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத."

கௌரி உள்ளேயிருந்து வந்து கீரைக்கட்டை எடுத்துப் போனாள். இவளுக்கும் தெரியுமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அவனுக்கு வழிவிட்டு நடக்கிறார்கள். வாசற்படி ஓரத்தில் செருப்பு, செம்பு, முறம் என்று ஒன்றும் இல்லை.


18.2.79, ஞாயிறு

பனியே இல்லை. மாசி பிறந்துவிட்டது. ஆற்றங்கரை ரோட்டில் அவன் சொல்லி நான் முன்னால் ஓட்டினேன். "உன் முதுகு தெரிஞ்சா போதும். அதையே புடிச்சிகினு வந்துடுவன்." அப்படியே வந்தான். ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. ரோடு காலியாக இருந்தால் அவனை விட நன்றாக ஓட்டுகிறவன் யாரும் இல்லை.

நின்று கேட்டேன். "எப்ப நிறுத்தப் போற?"

"மாசி மகம் போவட்டும். கூட்டம் ஜாஸ்தி. மொதலாளிக்கு வேற ஆளு இல்ல."

"கூட்டம் ஜாஸ்திங்கறதாலதான் சொல்றன்."

"கௌரி மேல சத்தியமா மாசி மகத்தோட நிறுத்திடறன்."

பெண் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன பேசுவது. திரும்பும் வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவன் சைக்கிள் சங்கிலிச் சத்தம்.


22.2.79, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

முனுசாமி பள்ளிக்கூடத்துக்கே வந்தான். அவனுக்கு வேலை நேரம் அது. காலை எட்டு மணி வண்டி, தவளக்குப்பத்துக்கு இந்தப் பக்கம். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒருத்தி போய்க்கொண்டிருந்தாளாம். அந்த நேரம் பார்த்து முனுசாமி உள்ளே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறான். பஸ் அந்தப் புல்லுக்கட்டில் இடித்து, அவள் சுற்றிச் சுழன்று விழுந்தாள். தோளில் ஊமைக்காயம். வேறொன்றும் இல்லை. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால்.

கூட்டம் கூடிவிட்டது. கலியபெருமாள் இறங்கி, "திடீர்னு குறுக்க வந்துட்டா" என்றானாம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்களாம். இருபது வருஷமாகத் தெரிந்த டிரைவர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

"அந்தப் பொம்பள இன்னா சொன்னா?"

முனுசாமி தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டான். "என் மேலதாங்க தப்புன்னு சொல்லி கும்புட்டா சார். புல்ல பொறுக்கிகினு போயிட்டா."

அவள் பெயர்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.


24.2.79, சனி

பள்ளி அரை நாள். பிற்பகல் பாண்டி. பஸ் முதலாளி வீடு. வயசானவர், கண்ணியமானவர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். சொன்னேன்.

"இத்தினி வருசத்துல ஒரு கேசு இல்லாத டிரைவருங்க" என்றார். "வாயால சொன்னத வச்சி நான் ஒருத்தர நிறுத்த முடியாது. எழுதிக் குடுங்க."

எழுதினேன். டிரைவர் கலியபெருமாளுக்குப் பக்கப்பார்வை இல்லை, நேரில் சோதித்து அறிந்தேன், நான் அவர் மைத்துனன். கையெழுத்து. அவர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

"மைத்துனன்னு போட்டிருக்கீங்களே, அது வேணுமா?"

"இருக்கட்டும்."

வீடு வந்து வள்ளியிடம் சொன்னேன். சோற்றை வைத்துவிட்டு, "மொதல்ல அவருகிட்ட சொல்லிட்டு போயிருக்கலாம் நீங்க" என்றாள். ஆமாம். போயிருக்கலாம். சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன்.


25.2.79, ஞாயிறு

ஆறு மணிக்குத் தயாராக நின்றேன். ஏழு. ஏழரை. பெல் சத்தம் இல்லை. சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.


28.2.79, புதன்

புழுக்கம். எட்டு மணி பஸ்ஸில் புது டிரைவர். பலமாக ஹாரன் அடிக்கிறான்.

செல்வி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். திருபுவனைக்காரர்கள் ஆள் மூலமாகச் சொல்லியனுப்பிவிட்டார்களாம். கண் நோவு பரம்பரையாக வருமா என்று விசாரித்தார்களாம். அதோடு சரி.

"நீ செஞ்சது சரிதாண்ணா. நான் தப்பு சொல்லல. அந்தப் பொம்பளய நெனச்சா எனக்கும் பதறுது." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா கொஞ்ச நாளைக்கி வூட்டுக்கு வராத. அவரு ஒண்ணும் பேசறதில்ல. ஒரு வார்த்த கூட."

"மருந்து போடறானா?"

"நான்தான் போடறன். இப்பதான் தெரியுமே."

போய்விட்டாள்.


4.3.79, ஞாயிறு

வானம் தெளிவு. காற்று இல்லை. வீட்டில் உட்கார முடியாமல் தனியாகக் கிளம்பினேன். குருவிநத்தம் வரை ஓட்டியதே தெரியவில்லை. அதைத் தாண்டி வைக்கோல் வண்டி ஒன்று, அதற்குப் பிறகு யாருமில்லை.

சோரியாங்குப்பத்துக்கு இந்தப் பக்கம் எதிரே ஒரு சைக்கிள். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த மாதிரி நேராக யார் ஓட்டுவார்கள். ரோட்டின் நட்ட நடுவில், நிதானமாக வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. தனியாக.

இறங்கி ஓரத்தில் நின்றேன். அவனுக்கு இடதுபக்கம். ஏன் அந்தப் பக்கம் நின்றேன் என்று தெரியவில்லை. தூரத்தில் வரும்போது நான் அவனுக்கு நேர் எதிரேதான் இருந்திருப்பேன். பார்த்திருப்பான். பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் போனான். முகம் திரும்பவில்லை. மிதிப்பது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. என் கை பெல் மேல்தான் இருந்தது. அடிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. வளைவில் மறையும் வரை நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி கேட்டாள், "கலியபெருமாள் அண்ணன பாத்திங்களா?"

பார்த்தேன் என்றேன்.