எர்த் வயரை ஏன் வெட்டினாய், மனோ அண்ணே?

அன்புள்ள மனோ அண்ணே,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கூடப்பிறந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். மற்றபடி இது உன்னைத் திட்டுவதற்காக எழுதும் கடிதம். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து உன்னைப் புகழாத வாய் இல்லை. ஒருத்தியாவது உள்ளதைச் சொல்ல வேண்டாமா? ஊரார் படித்தால் படிக்கட்டும்.

ஜெலுத்தோங் வீட்டின் கார் போர்ச்சில் நாம் இரண்டு பேரும் மீனும் கோழியும் புகை போடும் அந்த ஸ்மோக்கர் பெட்டியைக் கட்டினோம். தகடு வெட்டுவதும் வெல்டிங்கும் உன் வேலை. மின்சாரம் முழுக்க என் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தினமும் மின்சார அடுப்புகளின் சூட்டை அளந்து சரிபார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாததா? சூட்டுக்கு ஓர் எலிமெண்ட், மரச்சீவல் புகைவதற்குத் தனியாகச் சின்னப் பெட்டியும் எலிமெண்டும் வேண்டும், அப்போதுதான் மீன் வேகாமல் புகை ஏறும் என்று நான் சொன்னபோது, "பெரிய இஞ்சினியரு வந்துட்டா" என்றாய். முதல் கெளுத்தி பொன்னிறமாக வெளியே வந்ததும் அண்டை வீட்டாரிடம் அது உன் யோசனை என்றாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அதையெல்லாம் பெரிதுபண்ணினால் உன்னோடு ஒரு நாள்கூடப் பிழைத்திருக்க முடியாது.

பெட்டி மட்டும் நன்றாக வந்திருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு சுவருக்கு நடுவே சூடு தாங்கும் பஞ்சு அடைத்து, கதவு ஓரத்தில் சிலிக்கோன் பட்டை ஒட்டி, மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் சூட்டில் வித்தியாசமே இல்லாதபடி செய்தோம். உன் வெல்டிங்கைக் கையால் தடவினால் எங்கே ஒட்டினாய் என்று கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு கைப்பழக்கம் உள்ளவனுக்கு ஏனண்ணே கொஞ்சம் பொறுமை இல்லாமல் போயிற்று?

ஒன்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? அடைமழை பெய்துகொண்டிருந்தது, பெட்டி மூன்று வாரம் போர்ச்சில் சும்மா நின்றது. எலிமெண்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பொடி நம் ஊர் ஈரத்தைக் குடித்துவிடும், அப்படியே சுவிட்சைப் போட்டால் மின்சாரம் பெட்டியின் உடம்புக்குக் கசியும், கசிவைக் கண்டதும் வீட்டு பிரேக்கர் டப்பென்று விழுந்து கரண்டை நிறுத்திவிடும் என்றேன். எலிமெண்டைக் கழற்றி இரண்டு மணி நேரம் சூட்டில் காயவைத்து, முனைகளை அடைத்து மாட்டினால் போதும் என்றேன். "சரி லா, சரி லா" என்று தலையாட்டினாய். எனக்கு ஷிப்ட் இருந்த நாளாகப் பார்த்து, நல்ல நேரம் போய்விடும் என்று லோரி பிடித்து, காயவைக்காமலே பெட்டியைக் கடல்பாலம் தாண்டிப் பாக்கியம் அக்கா வீட்டில் இறக்கிவிட்டாய்.

பாக்கியம் அக்கா புக்கிட் மெர்தாஜாமில் தன் வீட்டின் பின்புறத்தில் கோழியும் கெளுத்தியும் புகை போட்டு விற்கிறவர். வருடக்கணக்காகத் தகர டிரம்மில் தேங்காய் மட்டையை எரித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். நம்மை நம்பித்தான் டிரம்மைத் தூக்கிப் போட்டார். அன்று அங்கே என்ன நடந்தது என்பது உன் கருமாதியில்தான் எனக்குத் தெரியவந்தது. வடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன், அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா விமலா, நீ போட்ட வயரு அன்னிக்கு எங்க மானத்த வாங்கப் பாத்துச்சு லா. சந்தனம் குங்குமம் வெச்சு, தேங்கா ஒடச்சு, மஞ்சத் தண்ணி தெளிச்சு சுவிச்சப் போட்டா, கரண்டு போயிருச்சு. மூணு தடவ! சொந்தக்காரங்க எல்லாம் அபசகுனம்னு மூஞ்சியச் சுளிக்கிறாங்க. நல்ல வேள, உங்கண்ணன் 'தங்கச்சி வயரிங்ல சின்னக் கோளாறு'ன்னு சொல்லி அஞ்சே நிமிசத்துல சரி பண்ணிட்டாரு. கைராசிக்காரரு."

எலிமெண்டு ஏற்கெனவே ஈரம், அதன்மேல் சாமி பேரைச் சொல்லிக் காற்றோட்டத் துளை வழியாக மஞ்சள் தண்ணீர் வேறு. பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? பழியை என் தலையில் போட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஐந்து நிமிடம் என்றாரே, அதுதான் எனக்கு இடித்தது. அந்த ஈரத்தை ஐந்து நிமிடத்தில் காயவைக்க ஆண்டவனாலும் ஆகாது. பிரேக்கரை விழவிடாமல் செய்ய மட்டும் ஐந்து நிமிடம் போதும்.

மறுநாள் எம்.சி. லீவு போட்டுவிட்டு, கசிவு பார்க்கும் மீட்டரோடு பாலம் ஏறினேன். அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லி, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பின்தகட்டின் எட்டு ஸ்குருவையும் கழற்றினேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக நான் போட்டிருந்த பச்சை மஞ்சள் எர்த் வயரைக் கட்டரால் வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, பஞ்சுக்குள் செருகி வைத்திருந்தாய். கசிவை நிறுத்தவில்லை நீ. அது போகிற வழியைத்தான் அடைத்திருந்தாய். இனி அது மண்ணுக்குப் போக வேண்டுமென்றால் கதவைத் தொடுகிற ஆளின் உடம்பு வழியாகத்தான் போக வேண்டும். பிரேக்கர் அப்போது காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமலும் போயிருக்கலாம்.

"அக்கா, இதத் தொடறப்ப கை சுள்ளுங்குதா?" என்று கேட்டேன்.

"காலையில மொதல்ல போடறப்ப கொஞ்சம் இழுக்கும்மா. சூடு ஏறினா சரியாயிடும். எனக்கு இனிப்புநீர் வியாதி இருக்குல்ல, நரம்புக் கோளாறுன்னு நெனச்சேன். கிளினிக்குல சொல்லி மாத்திரகூட வாங்கினேன்."

அதுவரை நீ தெரியாமல் செய்த முட்டாள்தனம் என்றுதான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். வெல்டிங்காரன், அவனுக்கு எர்த்தைப் பற்றி என்ன தெரியும் என்று உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அக்கா பேச்சை நிறுத்தவில்லை.

"ஆனா உங்கண்ணன் தங்கமான மனுசன்மா. அன்னிக்கே சொல்லிட்டாரு, 'அக்கா, தரை ஈரமா இருக்கும், வெறுங்காலோட கதவத் தொறக்காதீங்க, சிலிப்பர் போட்டுக்குங்க'ன்னு. சொந்தத் தம்பிகூட இவ்ளோ அக்கறையா சொல்ல மாட்டான்."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்துகொண்டே அதற்குப் பிறகு நான்கு மாதம் உயிரோடு இருந்தாய். சனிக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்குப் போய், அந்தப் பெட்டியில் புகை போட்ட கெளுத்தியைச் சாப்பிட்டுவிட்டு வந்தாய். மீன் கழுவுகிற இடம் அண்ணே, தரை எப்போது காய்ந்திருக்கிறது? ஒரு நாள் அந்தச் சிலிப்பர் அறுந்திருந்தால்? என்னிடம் "விமலா, ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போய்ச் சரிசெய்திருப்பேனே. தங்கச்சி முன்னால் தலை குனிவதைவிட அந்தப் பொம்பளை செத்தால் பரவாயில்லை என்று நினைத்தாயா?

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிய முனையைக் காட்டினேன். அவர் அதையும் தன் கால் சிலிப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செய்தி அண்ணிக்கு எட்டியதும் போன் வந்தது. "செத்தவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா? சத்தம் போடாம வயர மாட்டிட்டு வர வேண்டியதுதானே? ஏன் அவரு பேரக் கெடுக்கிற?" என்று அழுதார். அண்ணி அழுதது எனக்கும் வலித்தது. ஆனால் சத்தம் போடாமல் வயரை மாட்டியிருந்தால், அக்கா ஆயுசு முழுக்க நரம்பு மாத்திரை தின்றுகொண்டு உன் புகழ் பாடியிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

எலிமெண்டுகளைக் காயவைத்து, முனைகளை அடைத்து, புது எர்த் வயர் போட்டு மாட்டிவிட்டேன். இப்போது பிரேக்கர் விழவில்லை, மீட்டரில் கசிவும் இல்லை. அன்றிரவு அங்கேயே தங்கி, காலையில் குளிர்ந்து கிடக்கும்போது ஒருமுறை, சூடு ஏறியபின் ஒருமுறை பார்த்தேன். அக்கா கதவைத் தொடத் தயங்கினார். நான் அவர் கையைப் பிடித்து வைத்த பிறகுதான் தொட்டார்.

நான் கிளம்பும்போது, பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த உன் படத்தை அக்கா கழற்றினார். தினமும் காலையில் அதற்குப் பூ வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாராம். திட்டவில்லை, அழவில்லை. படத்தில் உன் நெற்றிமேல் வைத்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்து, நாளிதழில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்கம்மா. எனக்கு வேணாம்."

பாலம் முழுக்க உன்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு கோபத்திலும் உன்னைப் பக்கத்து சீட்டில் போட மனம் வரவில்லை, அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

போர்ச்சில் இப்போது அடுத்த பெட்டி நிற்கிறது. அது வாசலைத் தாண்டுவதற்கு முன், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு, சிமெண்ட் தரையில் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு நின்று, ஈரக் கையால் கதவை நானே முதலில் பிடிப்பேன். இதுவும் இனி வருகிற ஒவ்வொன்றும் அப்படித்தான் போகும். இது உனக்குத் தருகிற வாக்கு இல்லை அண்ணே, நீ பயந்து செய்யாமல் விட்டதை உன் முகத்துக்கு எதிரே செய்துகாட்டப் போகிறேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் ஒரே தங்கை,
விமலா