வெறும் வயிற்றோடு வந்து திரும்பியவளுக்கு ஸ்கேன் எடுத்துத் தரக் கோரி

அனுப்புநர்
செ. தங்கதுரை, த/பெ செல்லன்,
வேங்கைமேடு, கல்வராயன்மலை வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: மஞ்சள் காமாலையில் அவதிப்படும் என் மனைவி இலக்கியாவுக்குப் பித்தப்பை, பித்தநாளம், கல்லீரல் ஸ்கேன் எடுக்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவன். மனு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் மனைவிக்கு ஒரு மாதமாகச் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி. பிறகு கண் மஞ்சளானது. மலையில் உள்ள டாக்டரம்மா பார்த்துவிட்டு, பித்தப்பைக் கல் நாளத்தில் இறங்கி அடைத்திருக்கலாம், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்று கீழே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். வெறும் வயிற்றோடு போகச் சொன்னார்.

2. அப்படியே முதல் பஸ்ஸில் இறங்கினோம். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் டோக்கன் முடிந்துவிட்டது. நாளைக்குச் சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். முதல் பஸ்ஸுக்கு முன்னால் எங்களுக்கு ஏது பஸ் ஐயா?

3. அடுத்த முறை, முதல் நாளே இறங்கி, அடிவாரத்தில் இருக்கும் அவள் அக்கா சின்னப்பொண்ணு வீட்டில் தங்கினோம். டோக்கனும் கிடைத்தது. ஆனால் விடியற்காலையில் அக்கா கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். சோறுதானே கூடாது, இது மருந்துதானே என்று நினைத்துவிட்டார். பால் குடித்ததால் பித்தப்பை சுருங்கிவிட்டது, கல் இருக்கிறதா என்று சொல்ல முடியாது, மறுபடி வாருங்கள் என்று ஸ்கேன் டாக்டர் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா மட்டும், தங்கச்சி உசுருக்கு நானே எமனாயிட்டேனே என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

4. மூன்றாம் முறை வரிசையில் முன்னால் நின்றோம். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி வெளியில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளியில் எடுக்க வசதி இருந்தால் நான் ஏன் ஐயா இப்படி அலைகிறேன்? திரும்பும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. அவரவர் அவரவர் வேலையைத்தான் பார்த்தார்கள். இருந்தும் என் மனைவிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல். உடம்பெல்லாம் அரிப்பு என்று சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். இனிமேல் பஸ்ஸில் உட்கார வைத்து அழைத்து வர முடியாது. எங்கள் குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால்கூட மறக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆகவே, அவளை வண்டி அனுப்பி இறக்கி, படுக்கை கொடுத்து, இயங்கும் மெஷின் எங்கிருக்கிறதோ அங்கே ஸ்கேன் எடுக்க உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சில டோக்கன்களையாவது ஒதுக்கிவைக்கச் சொன்னால் மற்றவர்களாவது பிழைப்பார்கள்.

எந்த நேரத்துக்கு வரச் சொன்னாலும் சரி ஐயா. சாப்பிடாமல் கூட்டிவா என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சித் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
செ. தங்கதுரை
(கையொப்பம்)

இடம்: வேங்கைமேடு
நாள்: 19.08.2024