இரண்டாவது சர்வர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அஸ்தானாவில் காற்று மட்டும்தான் தொல்லை. மற்றபடி நான் நலம்.

அலுவலகத்தில் ஒரு சின்னத் தவறு நடந்தது. பாலர் பள்ளி இடத்துக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் வரிசையை இரண்டு சர்வர் கணினிகளில் பாதிப் பாதியாக வைத்திருக்கிறோம். தினமும் அதன் நகல், வேறு கட்டடத்தில் உள்ள பேக்கப் சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். வசந்தத்தில் சர்வர்களை அணைத்துப் போட்டபோது, அந்தச் சேமிப்பகத்தை முதலாவதில் மறுபடி இணைத்தேன். இரண்டாவதில் மறந்துவிட்டேன். நகலெல்லாம் அதன் சொந்த டிஸ்க்கிலேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. போன வாரம் அந்த டிஸ்க் செத்துப்போனது. ஐந்து மாதப் பதிவும் நகலும் ஒன்றாகப் போயின.

"இணைச்சியா, இல்லையா?" என்று கேட்டார் மேலாளர் தௌலெத்.

"இல்லை, அண்ணா."

நேற்று கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பேர் குடுத்தேன். இப்போ கடைசியில போய் நிக்கணுமா, தங்கச்சி?"

"ஆமாக்கா" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் என் மேசைக்கு வருவதில்லை. கொஞ்சம் உலர்தயிர் குர்த் உருண்டையும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள். ரயில் நேராகவே வருகிறது. என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, இன்னொன்று வாங்கிவிடுகிறேன்.

தௌலெத் அண்ணா கூப்பிடுகிறார். உள்ளே வந்ததும் தன் அறைக் கதவைச் சாத்தச் சொல்கிறார்.

உங்கள் மகள்,
மாரல்