தோளில் இருந்த கை

ஜூலை 7, 2025

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஷர்மினி, பல்கலைக்கழக மாணவர்களின் இசை இதழை என் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் தயாரிக்கிறாள். கூட ஹைக்கல், கணினியில் பக்கம் அமைப்பவன். முதல் பக்கத்தைக் காட்டினார்கள். ஒரே பக்கத்தில் நான்கு வகை எழுத்து! தலைப்பு கல்யாணப் பத்திரிகை மாதிரி சுருண்டு கிடக்கிறது. இரண்டு வகை போதும் என்றேன். நான் படித்த கான்வென்ட் பள்ளி சிஸ்டர்களாக இருந்தால் கிழித்தே போட்டிருப்பார்கள்.

அட்டைக்கு, காலமான என் கணவர் வயலினோடு நிற்கும் படம் வேண்டுமாம். அந்தக் காலத்தில் கடற்கரை ஹோட்டலில் வாசித்த அவருடைய இசைக்குழுவின் படங்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். கொடுத்தேன். கொடுத்த பிறகு, ஏன் கொடுத்தோம் என்றிருந்தது.

ஜூலை 9

படம் திரும்பி வரவில்லை. "ஸ்கேன் செஞ்சிட்டு நாளைக்கே தர்றேன் ஆன்ட்டி" என்றானே. எந்த நாளைக்கு?

ஜூலை 11

வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கீறல் இல்லை. ஆனால் ஏதோ இருக்கிறது. நான் மேசைப் பக்கம் போனதும் ஹைக்கல் மடிக்கணினியை மூடினான். ஷர்மினி என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "அங்கிள் மியூசிக் குரூப்ல லேடீஸ் யாராச்சும் இருந்தாங்களா ஆன்ட்டி?"

"எதற்குக் கேட்கிறாய்?"

"சும்மாலா."

சும்மா யார் கேட்பார்கள்?

ஜூலை 13

சமையலறையில் இருந்தபோது காதில் விழுந்தது. "அவங்களுக்குத் தெரியாமலே முடிச்சிடுலா, பாவம்." ஷர்மினியின் குரல்.

பாவமா? நானா? என்னத்தை முடிக்கிறார்கள்? அவர் படத்தை வைத்து ஏதும் கேலி செய்கிறார்களா? கணினியில் இந்தக் காலத்துப் பிள்ளைகளால் எதுவும் முடியும்.

ஜூலை 15

நான் பார்க்காமல் அட்டை அச்சுக்குப் போகாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஹைக்கல் சூலியா தெரு அச்சுக் கடையில் மாதிரி ஒன்று எடுத்து வந்தான். எழுத்து இரண்டே வகை, சுத்தம். அவர் மீசை கூடத் தெளிவாக இருந்தது. வலது தோளைப் பார்த்தேன்.

கை இல்லை. அந்த இடத்தில் கோட்டுத் துணி இஸ்திரி போட்டது போல வழவழவென்று—

என் கை அது. படத்தின் மறுபாதியில் நான் நின்றேன், பியானோ அருகில், கையில்லாத ரவிக்கையோடு. கல்யாணமானதும் மாமியார் அந்தப் பாதியைக் கத்தரித்து எறிந்தார். தோளில் கிடந்த கையை வெட்டினால் மகனின் தோளும் போய்விடும், அதனால் அதை மட்டும் விட்டுவைத்தார். அந்தக் குழுவில் நான் வாசித்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

மாதிரியை அவனிடமே கொடுத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 16

மூலப் படத்தை மேசையில் வைத்தேன். "இங்கிருந்த கையை எடுத்தது யார்?"

"நாந்தான் ஆன்ட்டி," என்றான் ஹைக்கல். "பெருசாக்கிப் பார்த்தப்போ பொம்பளை கைன்னு தெரிஞ்சிச்சு. இவதான் சொன்னா..."

"டேய், என்னை மாட்டி வுடாதேலா!" ஷர்மினிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரோ ஒருத்தி அங்கிள் தோள்ல கை போட்டிருக்கா. அட்டையில வந்தா நாலு பேரு பேசுவாங்க, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அதான் ஆன்ட்டி..."

நான் இவர்களைச் சந்தேகித்த நேரமெல்லாம் இவர்கள் அவரைச் சந்தேகித்திருக்கிறார்கள். அவரை! தன் காலுறை எங்கே என்று கூட என்னைக் கேட்டவரை!

என்னை வெட்டி எறிந்த கதையை, வாடகைக்கு இருக்கிற பெண்ணிடம் சொல்வதா? சொல்லாவிட்டால் அவருக்கு அவப்பெயர். பேசாமல் என் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தோல்தான் சுருங்கியிருக்கிறது. சுண்டுவிரல் அன்று போலவே வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது.

ஷர்மினி குனிந்து பார்த்தாள். "ஐயோ! ஆன்ட்டி, நீங்களா?"

"நான்தான். பியானோ வாசித்தேன். கையைப் பழையபடி வை."

ஜூலை 22

அட்டை வந்தது. தோளில் கை இருக்கிறது. கீழே, "வயலின்: சின்னையா. பியானோ: ஜெகதீஸ்வரி." என் பெயரைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தான், அச்சுக்கு முன்பே பார்த்துக் குறைக்கச் சொன்னது நல்லதாயிற்று. இரண்டும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும்.

வெளியீட்டு விழா வெள்ளிக்கிழமை, கெலுகோரில், பல்கலைக்கழக மண்டபத்தில். அந்த மண்டபத்தில் ஒரு பியானோ இருக்கிறதாம். இருவரும் அதை மூன்று முறை சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 25, காலை

நகங்களை ஒட்ட வெட்டினேன். பியானோவுக்குச் சுருதி சேர்த்தாகிவிட்டது என்று ஷர்மினி சத்தியம் செய்கிறாள். நம்புவதற்கில்லை. கூட்டம் வருவதற்கு முன்பே போய், எல்லாக் கட்டைகளையும் நானே அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.