அம்மா, அது வெறும் ரத்தக்குறைவு இல்லை

அம்மா,

பக்கத்து வூட்டு அக்கா இன்று ஆட்டுச் சுவரொட்டி வறுத்தாங்க. மிளகு வாசனை வந்ததுமே உன் ஞாபகம். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தோடு அவங்களே வந்துட்டாங்க. "பச்சப்புள்ளக்காரி, சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்குற. தின்னு, ரத்தம் ஊறும்."

உனக்கும் ஊரே இதைத்தான் சொன்னது. இதே ஆட்டு மண்ணீரல், முருங்கைக்கீரை, இரும்புச்சத்து டானிக். கருவேப்பிலங்குறிச்சி சித்தி பஸ்ஸில் தூக்குவாளியோடு வருவாள். நாக்கு எரிகிறது என்று கண்ணில் நீர் வழிய, அவளுக்காகவே சாப்பிடுவாய்.

பீங்கான் கம்பெனியில் சூளை வண்டியில் கோப்பை அடுக்குவாய். அவை உன் கையிலிருந்து நழுவத் தொடங்கின. "கையில எண்ணெ தடவிக்கிட்டு வந்தியாம்மா?" என்று மேஸ்திரி கேட்டதைச் சொல்லிச் சிரித்தாய். ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தோம். வாசலில்தான் பார்த்தேன், உன் ஒரு காலில் செருப்பில்லை.

"எங்கம்மா வுட்ட?"

"கழண்டதே தெரியலடி. அதுபாட்டுக்குப் பின்னாடி வரும், இரு."

அப்புறம் சுவரைப் பிடித்து நடந்தாய். அப்புறம் படுக்கை. "ரத்தம் இல்லாமயே போயிட்டா" என்றார்கள் உன் சாவுக்கு வந்தவர்கள்.

போன மாதம் எனக்கும் விரல் நுனிகள் மரத்துப்போயின. பாப்பாவைத் தூக்கவே பயம். தரையில் உட்கார்ந்தபடிதான் மடியில் எடுத்தேன். என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து போனில், "நல்லா ரெஸ்ட் எடு" என்றார்.

டாக்டரம்மா என் நாக்கைப் பார்த்தார். "வூட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" உன் செருப்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் பி12 சத்து பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவு. சாப்பாட்டில் குறையே இல்லையாம். அந்தச் சத்தை உடம்பில் சேர்க்கிற ஒன்று வயிற்றில் சுரக்கவில்லையாம். "முழு ஆட்டையே தின்னாலும் ஒட்டாதும்மா. ஊசிதான், ஆயுசுக்கும்." உனக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

நேற்று முதல் ஊசி. "கொழந்தைய யாருகிட்டயாவது குடுங்க" என்றாள் நர்ஸ். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. பாப்பாவை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையைக் கொடுத்தேன். மருந்து சிவப்பாக இருந்தது.

மரப்பு போகவில்லை, மெல்லத்தான் போகுமாம். சித்திக்குப் போன் பண்ணினேன். "ஊசியா? வெறும் ஊசியாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

என்றாவது ஒரு டாக்டர் பாப்பாவிடமும் வீட்டில் யாருக்கு இருந்தது என்று கேட்கலாம். அவள் பதில் தெரியாமல் விழிக்க மாட்டாள், அம்மா. முதலில் உன் பெயரைச் சொல்வாள்.